புரதக் கார்பனைல் அளப்பது எப்படி: ரத்தக் குழாய் முதல் 370 நானோமீட்டர் வரை

மிசாய் கூச்சிங் (பூனைமீசைச் செடி), வல்லாரை, செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த டோகோடிரையீனால் (வைட்டமின் ஈ வகை) என்று எதையாவது எலிக்குக் கொடுத்துவிட்டு, "ரத்தத்தில் புரதக் கார்பனைல் குறைந்திருக்கிறதா, பார்" என்று மேற்பார்வையாளர் சொல்வது கோலாலம்பூர், பினாங்கு ஆய்வுக்கூடங்களில் வழக்கம். ஆக்சிஜனேற்றத்தால் புரதத்துக்கு வந்த சேதத்தின் அடையாளம்தான் புரதக் கார்பனைல். கிட் வாங்கினால் உள்ளே ஒரு செய்முறைத் தாள் இருக்கும். படி ஒன்று, படி இரண்டு என்று ஒழுங்காகவே போகும். அந்தத் தாள் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் புரதத்தின் ஆக்சிஜனேற்றம் நிற்பதில்லை. குழாயிலும் நடக்கும், மேசையிலும் நடக்கும், பாதி உருகிய ஃப்ரீசரிலும் நடக்கும். கடைசியில் வரும் எண் நோயைக் காட்டுமா, உங்கள் ஐஸ் பெட்டியின் நிலையைக் காட்டுமா என்பது ரத்தம் எடுத்த முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. கார்பனைலோடு சேர்ந்து 370 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் வினைபொருள் டிஎன்பிஎச். அதை ஊற்றுவதற்கு முந்தைய வேலைகளுக்குத்தான் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

புரதத்துக்கு என்ன ஆகிறது

இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் கடுமையாக ஆக்சிஜனேற்றும் என்பதை ஹென்றி ஃபென்டன் 1894-இல் எழுதினார். அதே வினை உடம்பில் புரதத்தின் மேலேயே நடக்கிறது. இரும்போ செம்போ புரதத்தின் ஓர் இடத்தில் ஒட்டியிருக்க, பெராக்சைடு அங்கே வந்து சேர, ஹைட்ராக்சில் ரேடிகல் என்ற, எதோடும் உடனே வினைபுரியும் துணுக்கு பிறக்கிறது. அதன் ஆயுள் மிகக் குறைவு. தூரம் போகாது, பக்கத்தில் இருப்பதையே தாக்கும். லைசின், ஆர்ஜினின், புரோலின், திரியோனின் ஆகியவற்றின் பக்கச் சங்கிலிகள் அப்போது ஆல்டிஹைடாகவோ கீட்டோனாகவோ மாறுகின்றன. இந்த இரண்டுக்கும் பொதுவான பகுதிதான் கார்பனைல்.

கார்பனைல் வர வேறு வழிகளும் இருக்கின்றன. கொழுப்பு கெட்டுப்போகும்போது உருவாகும் ஹைட்ராக்சிநோனனால் என்ற ஆல்டிஹைடு, சிஸ்டீன், ஹிஸ்டிடின், லைசின் மீது போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகும் அதன் ஆல்டிஹைடு முனை மிஞ்சியிருக்கும். சர்க்கரை புரதத்தோடு வினைபுரிந்து, பிறகு ஆக்சிஜனேற்றம் ஆனாலும் கார்பனைல் வரும். ஆகவே கார்பனைல் எண் மொத்தச் சேதத்தைச் சொல்லும். சேதம் எந்த வழியாக வந்தது என்று சொல்லாது. ஆய்வறிக்கையில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

எல்லா மாற்றமும் ஒரே மாதிரி அல்ல. மெத்தியோனின் சல்ஃபாக்சைடாக மாறினால் அதைத் திருப்பிச் சரிசெய்ய உடம்பில் நொதி இருக்கிறது. சிஸ்டீன் முதல் படியில், அதாவது சல்ஃபீனிக் அமிலமாகவோ டைசல்ஃபைடாகவோ இருக்கும்வரை, மீட்க முடியும். சல்ஃபோனிக் அமிலம் வரை போய்விட்டால் முடியாது. கார்பனைலும் அப்படித்தான், திரும்பாது. அந்தப் புரதத்தை உடைத்து எறிவதுதான் செல்லுக்கு இருக்கும் வழி. லேசாகச் சேதமானதை, செல்லின் புரதம் உடைக்கும் இயந்திரமான புரோட்டியசோம் உடைத்துவிடும். சேதம் மிஞ்சி, புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் அதால் உடைக்க முடியாது. அந்தக் கட்டிகள் புரோட்டியசோமையே அடைத்துக்கொள்ளும். வயதாக ஆக நரம்புச் செல்களிலும் இதயத் தசையிலும் சேரும் லிப்போஃபஸ்சின் என்ற பழுப்புக் கசடு, பெரும்பாலும் இப்படிப்பட்ட மிச்சம்தான்.

நோயோடு உள்ள தொடர்பை ஓர் உதாரணத்தில் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். நுரையீரலில் நியூட்ரோஃபில் எலாஸ்டேஸ் என்ற நொதி திசுவைத் தின்றுவிடாமல் தடுப்பது ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம். எலாஸ்டேஸைப் பிடித்துப் பூட்டும் இடத்தில் அதற்கு 358-ஆவது மெத்தியோனின் இருக்கிறது. சிகரெட் புகையாலும் வீக்கத்தின்போது வெள்ளணுக்கள் விடும் ஆக்சிஜனேற்றிகளாலும் அந்த ஒரு மெத்தியோனின் மாறிவிட்டால் பூட்டு தளர்ந்துவிடும். 394 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்றில் ஓர் ஆக்சிஜன் அணு கூடியதுதான் மாற்றம். எலாஸ்டேஸுக்கு வழி திறந்துவிடுகிறது. புகைப்பவர்களின் எம்ஃபிசீமாவுக்கு (நுரையீரலின் காற்றறைகள் சிதையும் நோய்) இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. கண்புரை இதற்கு வேறு ரகம். லென்ஸின் நடுப்பகுதியில் உள்ள கிறிஸ்டலின் புரதங்கள் பிறப்பதற்கு முன் உருவானவை, மாற்றீடு கிடையாது. வாழ்நாள் முழுதும் வாங்கிய சேதம் அங்கேயே தங்கிக் கட்டியாகி ஒளியை மறைக்கிறது.

இந்த உதாரணத்திலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. மெத்தியோனின் சல்ஃபாக்சைடு கார்பனைல் சோதனையில் தெரியாது. உங்கள் கேள்வி ஆன்டிட்ரிப்சின் பற்றியது என்றால் இந்தச் சோதனை உதவாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிதான் வேண்டும். நீரிழிவு, சிறுநீரக நோய், முதுமை போன்றவற்றில் உடம்பு முழுவதுமான புரதச் சேதத்தை ஒப்பிட வேண்டும் என்றால் கார்பனைல் நல்ல தேர்வு. சீக்கிரமே உருவாகும், தானாகத் திரும்பாது, சாதாரண ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் போதும். அமெரிக்காவின் தேசியச் சுகாதாரக் கழகங்களில் ஏர்ல் ஸ்டாட்மன், ராட்னி லெவின் குழுவினர் வகுத்து, 1990-இல் விரிவாக வெளியிட்ட முறைதான் இன்றும் பெரும்பாலான கிட்களின் அடிப்படை.

ரத்தம் எடுக்கும் நாள்

மனித ரத்தம் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் வரும்வரை ஊசியைத் தொடக்கூடாது. மலேசியச் சுகாதார அமைச்சின் மருத்துவமனை, கிளினிக் எதுவானாலும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் தேவை. இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

ஊதா மூடி இடிடிஏ குழாயில் எடுங்கள். இடிடிஏ உறைவதைத் தடுப்பதோடு உலோகத்தையும் பிடித்துவைக்கும். ஆனால் இரும்பைப் பொறுத்தவரை அது முழுப் பாதுகாப்பு அல்ல. இடிடிஏயோடு சேர்ந்த இரும்பு பெராக்சைடோடு இன்னும் வினைபுரியும். இரும்பு அதிகம் உள்ள மாதிரிக்கு இன்னொரு உலோகப் பிடிப்பானான டிடிபிஏ மேல். ஓர் ஆய்வில் பிளாஸ்மா (அணுக்கள் நீக்கிய, உறையாத ரத்த நீர்) என்று தொடங்கினால் கடைசிவரை பிளாஸ்மாதான். பாதி நோயாளிகளுக்குப் பிளாஸ்மா, மீதிக்கு சீரம் என்று கலந்தால் எல்லாம் வீண். பிளாஸ்மாவில் மிக எளிதில் ஆக்சிஜனேற்றம் ஆகும் புரதங்களில் ஒன்று ஃபைப்ரினோஜன். சீரத்தில் அது உறைந்து வெளியேறிவிட்டதால் எண் வேறாகத்தான் இருக்கும்.

8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லுங்கள். காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டு வந்தவரின் பிளாஸ்மா பால் போலக் கலங்கி வரும். அந்தக் கலங்கல் 370 நானோமீட்டரில் ஒளியைச் சிதறடித்து, இல்லாத கார்பனைலை இருப்பதாகக் காட்டும். முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி செய்தாரா, புகைப்பவரா, வைட்டமின் மாத்திரை எடுப்பவரா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புகைமூட்டக் காலத்தில் தேதிக்கும் மதிப்பு உண்டு. நோயாளிகளின் ரத்தத்தை ஆகஸ்டு, செப்டம்பரில் வானம் சாம்பல் நிறமாக இருக்கும்போது எடுத்துவிட்டு, ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை டிசம்பர் மழையில் எடுத்தால் வரும் வித்தியாசம் நோயால் வந்ததா காற்றால் வந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாது. இரு பிரிவினரையும் ஒரே வாரங்களில் மாறி மாறி எடுங்கள்.

ஊசி 21 கேஜ். கையில் கட்டும் பட்டையை இறுக்கி நெடுநேரம் விடக்கூடாது. குழாயை 8 முதல் 10 முறை மெதுவாகத் தலைகீழாக்கிக் கலக்க வேண்டும், குலுக்கக்கூடாது. அதன் பிறகு ஐஸ். இங்கேதான் பலர் ரத்தத்தைக் கொல்கிறார்கள். மைனஸ் 20 ஃப்ரீசரிலிருந்து ஜெல் பேக்கை எடுத்து, அதன் மேலேயே குழாயைச் சாய்த்துவைத்து, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலிலோ பினாங்குப் பாலத்திலோ ஒரு மணி நேரம் ஓட்டிவருவார்கள். ஜெல் பேக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்தில் ரத்தம் உறையும், சிவப்பணு வெடிக்கும், ஹீமோகுளோபின் வெளியேறும். உருகிய பிறகு வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சுழற்றினால் பிளாஸ்மா ரோஸ் சிரப் தண்ணீர் நிறத்தில் நிற்கும். குழாயைச் சிறு துண்டில் சுற்றி, தண்ணீர் கலந்த ஐஸில் நிறுத்துங்கள். அது 0 டிகிரிக்குக் கீழே போகாது.

ஒரு மணி நேரத்துக்குள் 4 டிகிரியில் 2,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். மேலே நிற்கும் மஞ்சள் பிளாஸ்மாவில் கடைசி அரை சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள். ஆசைப்பட்டு அதையும் உறிஞ்சினால் வெள்ளணுப் படலம் கூடவே வரும்; அதிலுள்ள மைலோபெராக்சிடேஸ் உங்கள் மாதிரியிலேயே ஆக்சிஜனேற்றத்தைத் தொடங்கிவிடும். இளஞ்சிவப்பு தெரிந்த மாதிரியைக் கழித்துக்கட்டுங்கள். ஹீம் 370 நானோமீட்டர் அருகே நன்றாக ஒளியை உறிஞ்சும், அதன் இரும்பும் சும்மா இருக்காது. மாதிரி குறைகிறதே என்று மனம் கேட்காது. ஆனால் அதைச் சேர்த்தால் மற்ற மாதிரிகளின் முடிவும் சந்தேகத்துக்கு இடமாகும்.

200 மைக்ரோலிட்டர் வீதம் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு குழாய் ஒரு முறை மட்டுமே உருகலாம். மைனஸ் 20 போதாது. அங்கே மாதக்கணக்கில் இருக்கும்போது கார்பனைல் மெல்ல ஏறும். இடி மின்னலோடு மின்சாரம் போவதும், தைப்பூசம், தீபாவளி நீண்ட விடுமுறையில் ஆய்வுக்கூடத்தில் ஆளில்லாமல் போவதும் இங்கே வழக்கமான ஆபத்துகள். ஃப்ரீசரில் ஒரு சின்னப் பாட்டிலில் ஐஸை உறையவைத்து அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் ஃப்ரீசர் இடையில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. செலவில்லாத சாட்சி.

திசு என்றால் முதலில் ரத்தத்தை உப்புக்கரைசலால் கழுவி வெளியேற்ற வேண்டும். 1 மில்லிமோலார் இடிடிஏ உள்ள 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபரில் ஐஸ் மேல் வைத்து அரையுங்கள். பஃபரில் டிடிடி, மெர்கேப்டோஎத்தனால் போன்ற ஒடுக்கிகள் வேண்டாம். இரும்போடு சேர்ந்து அவையே ரேடிகலை உண்டாக்கும். 280-க்கும் 260-க்கும் உள்ள உறிஞ்சல் விகிதம் 1-க்குக் கீழே இருந்தால் டிஎன்ஏ, ஆர்என்ஏ கலந்திருக்கிறது. அவற்றோடும் டிஎன்பிஎச் வினைபுரியும். 9 பங்கு மாதிரிக்கு 1 பங்கு வீதம் 10 சதவீத ஸ்ட்ரெப்டோமைசின் சல்ஃபேட் சேர்த்து 15 நிமிடம் வைத்துச் சுழற்றி, மேல்நீரை மட்டும் எடுங்கள்.

கரைசல்கள்

டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன், அதாவது டிஎன்பிஎச், உலர்ந்தால் வெடிக்கக்கூடிய பொருள். அதனால்தான் சுமார் 30 சதவீதம் தண்ணீரில் நனைத்து விற்கிறார்கள். குளிரூட்டி இரவும் பகலும் ஓடும் அறையில் மூடி சரியாக இறுகாத பாட்டில் சில மாதங்களில் காய்ந்துவிடும். மூடியின் புரியில் காய்ந்த தூள் ஒட்டியிருப்பதைக் கண்டால் திருகாதீர்கள். பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள். எடை போடும்போது அந்தத் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் 10 மில்லிமோலார் கரைசலுக்கு உலர்ந்த எடை 0.198 கிராம், 30 சதவீதம் நீர் உள்ள தூள் என்றால் 0.283 கிராம். லேபிளில் உள்ள நீர் அளவைப் பார்த்தே கணக்கிடுங்கள்.

அதைக் கரைக்க 2.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். 37 சதவீத அடர் அமிலத்தில் 20.7 மில்லிலிட்டரை எடுத்து, ஃபியூம் ஹூடுக்குள் 70 மில்லிலிட்டர் தண்ணீரில் மெதுவாக ஊற்றி, ஆறியபின் 100-க்கு நிரப்புங்கள். டிஎன்பிஎச் சீக்கிரம் கரையாது. அலுமினியத் தாள் சுற்றிய பீக்கரில் ஒரு மணி நேரமாவது கலக்கிவிட்டு வடிகட்டுங்கள். அன்றைக்கு அன்றைக்குச் செய்வது நல்லது. பிளாங்க், அதாவது ஒப்பீட்டுக்கான குழாய்களுக்கு டிஎன்பிஎச் இல்லாத அதே அமிலம் தனியாக வேண்டும்.

டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம், டிசிஏ, 20 சதவீதமும் 10 சதவீதமும். எத்தனாலும் எத்தில் அசிடேட்டும் சம அளவு கலந்த கழுவுநீர், குளிர்ந்தது. கடைசியாக 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு: 100 மில்லிலிட்டருக்கு 57.3 கிராம். இதில் பலர் ஏமாறுவார்கள். தூளே அவ்வளவு இடம் பிடிக்கும் என்பதால் 80 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைக்கத் தொடங்கினால் 100-ஐத் தாண்டிவிடும். 45 மில்லிலிட்டரில் தொடங்குங்கள். கரையும்போது பீக்கர் சில்லிட்டுப்போகும், பாதியில் கரையாமல் நிற்கும். கையால் பிடித்தாலே மெல்லச் சூடேறிக் கரையும். 0.27 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் சேர்த்து, பிஎச்சை 2.3-க்குக் கொண்டுவந்து, பிறகு அளவை நிரப்புங்கள்.

குழாய்கள் பாலிபுரோப்பிலீன்தான். பாலிஸ்டைரீன் குழாயில் எத்தில் அசிடேட் ஊற்றினால் குழாயே கரைந்து வழியும். டிஎன்பிஎச் கலந்த எந்தக் கழிவையும் சிங்க்கில் ஊற்றக்கூடாது. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைப்படி லேபிள் ஒட்டிய பாட்டிலில் சேர்த்து ஒப்படைக்க வேண்டும்.

செய்முறை

பிளாஸ்மாவில் புரதம் மில்லிலிட்டருக்கு 60 முதல் 80 மில்லிகிராம். ஐந்து மடங்கு நீர்த்தால் ஏறக்குறைய 14 வரும். அதில் 150 மைக்ரோலிட்டர் எடுத்தால் குழாய்க்கு சுமார் 2 மில்லிகிராம் புரதம். இதைவிடக் குறைத்தால் ஒளி உறிஞ்சல் கருவியின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். 200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவை 1,000 மைக்ரோலிட்டருக்கு நீர்த்துவைத்து, ஒவ்வொரு மாதிரிக்கும் டிஎன்பிஎச் ஊற்ற மூன்று குழாய், அமிலம் மட்டும் ஊற்ற மூன்று குழாய், எல்லாம் 2 மில்லிலிட்டர் குழாய்கள். எல்லா மாதிரிக்கும் பொதுவாக ஒரு பிளாங்க் போதும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொருவரின் பிளாஸ்மாவுக்கும் பிலிருபின், கொழுப்பு என்று தனித்தனி நிறம் உண்டு.

குழாயில் 600 மைக்ரோலிட்டர் டிஎன்பிஎச், பிளாங்க்கில் 600 மைக்ரோலிட்டர் அமிலம். இருட்டில், அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம். 15 நிமிடத்துக்கு ஒரு முறை வோர்டெக்ஸ் கருவியில் கலக்கல். இங்கே அறை வெப்பம் என்பது குளிரூட்டி 20 டிகிரியில் ஓடும் அறையா, ஜன்னல் திறந்த 31 டிகிரி அறையா என்பது முக்கியம். ஓர் ஆய்வு முழுக்க ஒரே வெப்பநிலை இருக்கட்டும். 25 டிகிரி வாட்டர் பாத் இருந்தால் அதிலேயே வையுங்கள்.

பிறகு 750 மைக்ரோலிட்டர் 20 சதவீத டிசிஏ. புரதம் வெள்ளைப் பஞ்சாகத் திரளும். ஐஸில் 10 நிமிடம் வைத்து, 4 டிகிரியில் 10,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். குழாயின் கீல் எப்போதும் வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும். பெல்லட், அதாவது அடியில் சேரும் புரதக் கட்டி, எங்கே படியும் என்று முன்கூட்டியே தெரியும். மேல்நீரைப் பிப்பெட்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுங்கள், கவிழ்க்காதீர்கள். 10 சதவீத டிசிஏ 1 மில்லிலிட்டரில் ஒரு முறை கழுவுங்கள்.

அடுத்தது இந்தச் சோதனையின் இதயம். பெல்லட்டில் மாட்டிக்கொண்ட, வினைபுரியாத டிஎன்பிஎச்சைக் கழுவி எடுக்க வேண்டும். எத்தனால், எத்தில் அசிடேட் கலவை 1 மில்லிலிட்டரை ஊற்றி, நுனி மழுங்கிய மெல்லிய கண்ணாடிக் குச்சியால் பெல்லட்டை உடையுங்கள். முழுக் கட்டியாகவே விட்டு வோர்டெக்ஸ் செய்தால் வெளிப்புறம் வெளுக்கும், நடுவில் மஞ்சள் அப்படியே நிற்கும். குச்சியில் ஒட்டியதை அதே கழுவுநீரால் குழாய்க்குள்ளேயே அலசுங்கள். 10 நிமிடம் விட்டுச் சுழற்றுங்கள். மூன்று முறை. முதல் கழுவலின் நீர் நல்ல மஞ்சளாக வரும், இரண்டாவது வெளிறியிருக்கும், மூன்றாவது தண்ணீர் போல. மூன்றாவதன் நீரை 370 நானோமீட்டரில் கழுவுநீருக்கு எதிராகப் படித்துப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இல்லை என்றால் நான்காவது முறை கழுவுங்கள், எல்லாக் குழாயையும் சேர்த்தே.

கழுவிய பெல்லட்டைக் காற்றில் இரண்டு, மூன்று நிமிடம் மட்டும் விடுங்கள். வெற்றிடத்தில் உலர்த்தினால் நகத்துண்டு போல இறுகி எதிலும் கரையாது. 500 மைக்ரோலிட்டர் குவானிடின் சேர்த்து 37 டிகிரியில் 30 நிமிடம், அவ்வப்போது கலக்கி, கரையாத துகளை 10,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றித் தள்ளுங்கள். தெளிந்த நீரைப் படியுங்கள்.

எண்ணிலிருந்து விடைக்கு

1 சென்டிமீட்டர் குவெட்டில் (ஒளி அளக்கும் சிறு கலம்) 360 முதல் 380 நானோமீட்டர் வரை வருடி, உச்சத்தில் படியுங்கள். பெரும்பாலும் 370 பக்கம் வரும். உறிஞ்சல் குணகம் ஒரு மோலாருக்கு 22,000. டிஎன்பிஎச் குழாய்களின் சராசரி 0.118, பிளாங்க் சராசரி 0.052 என்றால் வித்தியாசம் 0.066. அதை 22,000-ஆல் வகுத்தால் மில்லிலிட்டருக்கு 3 நானோமோல். அந்தக் கரைசலில் புரதம் மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம் என்றால் விடை மில்லிகிராமுக்கு 0.75 நானோமோல்.

96 குழித் தட்டில் படிப்பவர்கள் இங்கே இரட்டிப்புத் தவறு செய்வார்கள். குழியில் 200 மைக்ரோலிட்டர் ஊற்றினால் ஒளி கடக்கும் ஆழம் அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். 22,000-ஐ அப்படியே போட்டால் எண் பாதியாகிவிடும். கருவியின் ஆழத் திருத்தத்தையும் கண்மூடி நம்பாதீர்கள். பல கருவிகள் அதைத் தண்ணீரின் உறிஞ்சலை வைத்துக் கணக்கிடுகின்றன, உங்கள் குழியில் இருப்பது குவானிடின். அறிந்த அளவு நிறக்கரைசல் ஒன்றைக் குவெட்டிலும் குழியிலும் படித்து விகிதத்தை நீங்களே எடுங்கள்.

புரத அளவை நீர்த்த பிளாஸ்மாவிலிருந்து எடுக்கக்கூடாது. கழுவும்போது பத்தில் ஒரு பங்கு போய்விடுவது சாதாரணம், சில நேரம் அதற்கும் மேலே. கடைசிக் கரைசலிலேயே அளக்க வேண்டும். டிஎன்பிஎச்சும் 280-இல் உறிஞ்சும் என்பதால் பிளாங்க் குழாய்களை 280-இல் படித்து, அதே குவானிடினில் கரைத்த மாட்டு ஆல்புமின் வரைகோட்டோடு ஒப்பிடுங்கள். வரைகோட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு மாதிரியைக் குவானிடினில் படிப்பது சரியாகாது.

ஒவ்வொரு நாளும் இரண்டு சாட்சிக் குழாய்கள் ஓடட்டும். ஒன்று, வேண்டுமென்றே ஆக்சிஜனேற்றம் செய்த ஆல்புமின்: 25 மில்லிமோலார் அஸ்கார்பேட், 100 மைக்ரோமோலார் ஃபெரிக் குளோரைடு, பிஎச் 7.4, 37 டிகிரி, ஓர் இரவு. பிறகு 1 மில்லிமோலார் இடிடிஏ உள்ள பஃபரில் டயாலிசிஸ். வைட்டமின் சி, இரும்போடு சேர்ந்தால் புரதத்தை ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்பதை உங்கள் கையாலேயே பார்ப்பீர்கள். இன்னொன்று, சோடியம் போரோஹைட்ரைடால் கார்பனைலை ஒடுக்கிய ஆல்புமின். முதலாவது உயரவில்லை என்றால் டிஎன்பிஎச் கெட்டிருக்கிறது. இரண்டாவது உயர்ந்தால் கழுவல் போதவில்லை. மூன்று குழாய்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது பெரும்பாலும் பெல்லட் இழப்பு. கணக்கில் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், மறுபடி செய்யுங்கள்.

மாதிரி போதாது, 10, 20 மைக்ரோகிராம் புரதம்தான் இருக்கிறது என்றால் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, டிஎன்பிஎச் ஒட்டிய இடத்தைப் பிடிக்கும் டிஎன்பி எதிர்ப்பொருளால் வெஸ்டர்ன் பிளாட் செய்யலாம். எந்தப் புரதத்தின் பட்டை கறுக்கிறது என்பதும் தெரியும். அங்கே வினைக்கு 15 நிமிடம் போதும், 30 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பக்கவினைகள் தலைதூக்கும்.

கூடவே தயோலும்

நேரம் இருந்தால் அதே பிளாஸ்மாவில் தயோலையும், அதாவது சிஸ்டீனில் ஆக்சிஜனேற்றத்தால் குறையும் கந்தக முனையையும், அளந்துவிடுங்கள். 50 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா, 1 மில்லிலிட்டர் டிரிஸ்-இடிடிஏ பஃபர் (0.25 மோலார், 20 மில்லிமோலார், பிஎச் 8.2), 412 நானோமீட்டரில் ஓர் அளவீடு. பிறகு தயோலோடு சேர்ந்து மஞ்சளாகும் டிடிஎன்பி (மெத்தனாலில் கரைத்த 10 மில்லிமோலார்) 20 மைக்ரோலிட்டர், 15 நிமிடம், மறு அளவீடு. டிடிஎன்பி மட்டும் உள்ள பிளாங்க்கைக் கழித்து 14,150-ஆல் (உறிஞ்சல் குணகம்) வகுத்து 21.4-ஆல் (நீர்த்த மடங்கு) பெருக்குங்கள். பெரும்பகுதி ஆல்புமினின் 34-ஆவது சிஸ்டீன்தான். இது ரத்தம் எடுத்த அன்றே செய்ய வேண்டியது.

செடிச் சாறு சோதிப்பவர்களுக்கு

வாழைப்பூவை நறுக்கி மோரில் போடாமல் விட்டால் கறுத்துவிடும். பூவின் பாலிஃபீனால்கள் காற்றில் ஆக்சிஜனேற்றம் ஆவதுதான் அது. நீங்கள் செல் வளர்ப்பு ஊடகத்தில் ஊற்றும் சாற்றிலும் அதே பாலிஃபீனால்கள்தான். ஊடகத்தில் அவை தாமாகவே ஆக்சிஜனேற்றமாகி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல்லே இல்லாமலும் உண்டாக்கும். பாலிஃபீனால்கள் அப்படி மாறி வந்த குயினோன்கள் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கும் கார்பனைலும் நிறமும் உண்டு. ஆகவே "சாறு கார்பனைலைக் கூட்டியது", "குறைத்தது" என்ற இரண்டு முடிவுமே குழாய்க்குள் நடந்த கூத்தாக இருக்க வாய்ப்பு உண்டு.

எலியில் குறைந்தாலும் அது மருந்தென்று ஆகிவிடாது. ஃபின்லாந்தில் புகைப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்த பெரிய சோதனையில் நுரையீரல் புற்றுநோய் கூடியது என்று 1994-இல் தெரிந்தது; அமெரிக்கச் சோதனை ஒன்றும் 1996-இல் அதையே காட்டி முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. நம் வீடுகளில் நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கும் அப்பா அம்மாக்கள் இணையத்தில் இந்த ஆய்வுச் சுருக்கங்களைப் படித்துவிட்டு மாத்திரையை விட்டுச் சாற்றுக்கு மாறுகிறார்கள் என்பதை எழுதும்போது மறக்காதீர்கள். "இந்த அளவில், இந்த எலியில், பிளாஸ்மா கார்பனைல் இவ்வளவு குறைந்தது" என்ற வாக்கியத்தோடு நிற்பதே நேர்மை.

ஒவ்வொரு தட்டிலும் இவை கட்டாயம்: செல் இல்லாத ஊடகத்தில் சாறு மட்டும், 24 மணி நேரம், பெராக்சைடு அளவோடு; சுத்தமான ஆல்புமினோடு சாறு மட்டும், டிஎன்பிஎச் இல்லாமல் அமிலத்தோடு; அதே ஆல்புமின், சாறோடு கேட்டலேஸும் (பெராக்சைடை உடைக்கும் நொதி) சேர்த்து. கேட்டலேஸ் சேர்த்ததும் விளைவு மறைந்துவிட்டால் அது சாறு செல்லில் செய்த வேலை அல்ல, ஊடகத்தில் உருவான பெராக்சைடின் வேலை. அந்த எண்களையும் பின்னிணைப்பில் ஒளித்துவைக்காமல் முதன்மை அட்டவணையிலேயே போடுங்கள்.